ஆறு கையெழுத்து வாங்கிய கார்

போன மாதம் புனேயில், வாகட்டில் என் அக்கா மகன் கிரகப்பிரவேசம் வைத்தான். பதினேழாவது மாடி. ஹோமப் புகைக்கு அலாரம் அலறி, செக்யூரிட்டி மூச்சிரைக்க ஓடி வந்து, சாஸ்திரிகளைத் தீ விபத்து மாதிரி முறைத்துவிட்டுப் போனான். எல்லாம் அடங்கிய பிறகு மருமகன் என் கையைப் பிடித்து ஹாலுக்கு இழுத்துப் போனான். சோபாவுக்கு மேலே சுவரை அடைத்துக்கொண்டு ஒரு படம். சிவப்பு நிறத்தில் அந்தக் காலத்து ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று கடற்கரைச் சாலையில் பறந்துகொண்டிருந்தது.

"ஒரிஜினல் மாமா. பிரின்ட் இல்ல. கையால வரைஞ்சது. உலகத்துலயே ஒண்ணே ஒண்ணுதான்."

"பேஷ். யாருப்பா வரைஞ்சது?"

"அது... சர்டிபிகேட்ல இருக்கும் பாருங்க."

சர்டிபிகேட்டையும் தனியாகச் சட்டம் போட்டுப் பக்கத்திலேயே மாட்டியிருந்தான். படத்தின் நீளம், அகலம், துணியின் ஜாதி, வரிசை எண், தங்க முத்திரை, எல்லாம் இருந்தது. கையெழுத்து இருக்கவேண்டிய இடத்தில் ஒரு புழு நெளிந்திருந்தது. பயல் தினமும் ஹிஞ்சவடிக்கு வேலைக்குப் போகிறான். ஏழு கிலோமீட்டர் தூரத்துக்கு ஒரு மணி நேரம் ஆகிறது என்று அவனே புலம்புவான். வேகத்தைச் சுவரிலாவது மாட்டி வைத்துப் பார்க்கட்டும் என்று நினைத்துக்கொண்டேன். வாயைத் திறந்து சொல்லவில்லை, சாப்பாடு இன்னும் போடவில்லை.

கிட்டே போய் மூக்கை வைத்து முகர்ந்தேன். அக்கா பார்த்துவிட்டாள். "ஏண்டா, படத்தைப் போய் மோந்து பாக்கறே? வந்தவங்க என்ன நினைப்பாங்க?" என்று பல்லைக் கடித்தாள். வந்தவர்கள் நினைத்துவிட்டுப் போகட்டும். பெயின்டில் கலக்கிற ஆளிவிதை எண்ணெயின் வாசனை லேசாக மிச்சம் இருந்தது. பச்சை வாடையும் எண்ணெயும் கலந்த ஒரு வீச்சம் அது. ஒருகாலத்தில் நான் மூன்று மாதம் அந்த வாசனையோடு தயிர் சாதம் சாப்பிட்டிருக்கிறேன்.

அப்போது விஷ்ராந்த்வாடியில் ஓர் அறை. பெயருக்குத்தான் விஷ்ராந்தி, அதாவது ஓய்வு; மாடி வீட்டுக்காரர் காலை நாலரைக்குப் பஜனை ஆரம்பித்துவிடுவார். அறையில் நானும் தங்கவேலுவும். தங்கவேலு ஈரோட்டுப் பக்கத்து ஆள், என்னைவிட மூன்று வயது சின்னவன். இருவருக்கும் ஒரே கம்பெனியில், ஒரே டிராயிங் ஆபீசில் வேலை. லாரிகளுக்கு வேண்டிய கியர் சாமான்கள் செய்கிற கம்பெனி அது. நான் பர்மனென்ட், அவன் கான்ட்ராக்ட். இந்த ஒரு வித்தியாசத்தை நீங்கள் குறித்து வைத்துக்கொள்ளுங்கள், மற்றபடி எல்லாவற்றிலும் அவன்தான் என்னைவிடக் கெட்டிக்காரன்.

டிராயிங் ஆபீஸ் என்றதும் ஏதோ கலை, ஓவியம் என்று கற்பனை பண்ணிவிடாதீர்கள். நாற்பது பலகைகள், நாற்பது குனிந்த முதுகுகள். மூலையில் வரைபடங்களுக்கு நகல் எடுக்கிற அமோனியா மிஷின் ஒன்று. அதன் நெடி இருக்கிறதே, அப்பப்பா! அக்கவுன்ட்ஸில் யாருக்காவது ஜலதோஷம் பிடித்தால் நேரே எங்கள் மிஷின் பக்கத்தில் வந்து நின்று, இரண்டு மூச்சு இழுத்து, கண்ணீரும் கம்பலையுமாகக் குணமாகிப் போவார்கள். டாக்டரிடம் போவதைவிட அது பக்கம்.

எங்கள் ஆபீசில் எழுதாத சட்டங்கள் இரண்டு உண்டு. ஒன்று, கான்ட்ராக்ட் ஆட்கள் வரைபடத்தில் கையெழுத்துப் போடக் கூடாது. அவர்கள் வரைந்தாலும் 'வரைந்தவர்' என்ற கட்டத்தில் ஒரு பர்மனென்ட் ஆள்தான் போடவேண்டும். தங்கவேலு வரைந்ததற்கெல்லாம் நான் போட்டேன். மூன்று வருஷத்தில் எத்தனையோ போட்டிருப்பேன், கை கூசியதே இல்லை. இரண்டாவது சட்டம், மேஜைக்கு வருகிற எந்தத் தாளையும் சிவப்புப் பென்சில் படாமல் மேலே அனுப்பக் கூடாது. ஒரு தப்பும் கண்டுபிடிக்காதவன் சரியாகப் பார்க்கவில்லை என்று அர்த்தம். தப்பு இல்லாவிட்டால்? கண்டுபிடிக்க வேண்டும், அதற்குத்தானே சம்பளம்! ஒரு அம்புக்குறியின் மூக்கு கொஞ்சம் தடித்திருக்கிறது என்று எழுதி அனுப்பிவிட்டு நிம்மதியாக டீ குடிக்கப் போவேன்.

எங்கள் மேனேஜர் வைத்தியநாதன். தாத்தா காலத்தில் புனேவுக்கு ராணுவக் கணக்கு வேலைக்கு வந்து, இங்கேயே வேர் விட்ட தஞ்சாவூர்க் குடும்பம். வீட்டில் தமிழ் பேசுவார், ஆனால் அதில் பாதி மராட்டியாக இருக்கும், மீதியை ஹிந்தி எடுத்துக்கொள்ளும். தமிழ் படிக்கத் தெரியாது. ஊரிலிருந்து வருகிற கல்யாணப் பத்திரிகையை என்னிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லித்தான் யாருக்குக் கல்யாணம் என்று தெரிந்துகொள்வார்.

அந்த வருஷம் கம்பெனி முதலாளி, நாங்கள் பெரிய சேட் என்று சொல்கிறவர், பொறுப்பைப் பிள்ளைகளிடம் கொடுத்துவிட்டு ஓய்வுக்குப் போகிறார் என்று செய்தி வந்தது. ஸ்டாஃப் சார்பில் என்ன பரிசு கொடுப்பது? வெள்ளித் தட்டு என்றார் ஒருவர். சால்வை என்றார் இன்னொருவர். சேட் வீட்டில் சால்வையை வைத்து ஒரு கடையே நடத்தலாம். வைத்தியநாதனுக்கு அப்போது ஒரு யோசனை தோன்றியது. சேட் வாலிபத்தில் இரண்டு பேர் மட்டும் உட்காரக்கூடிய, கூரையில்லாத வெள்ளைக்காரன் ஊர்க் கார் ஒன்று வைத்திருந்தார். கரும்பச்சை நிறம், பானெட் மேல் தோல் பட்டை, கம்பிச் சக்கரங்கள். மழைக்காலத்தில் கண்டாலா மலைப்பாதையில் அதை விரட்டிக்கொண்டு பம்பாய்க்குப் போனதைப் பற்றி வருஷா வருஷம் கம்பெனி விழாவில் சொல்வார். கேட்டுக் கேட்டு எங்களுக்கே அந்த வளைவுகள் மனப்பாடம். கார் எப்போதோ கைமாறிப் போய்விட்டது. ஒரே ஒரு கறுப்பு வெள்ளை போட்டோ இருந்தது, பங்களா வாசலில் நிற்கிற மாதிரி.

"தங்கவேலு, நீ பெயின்டிங் பண்றியாமே? பண்ணு. ஆயில்ல பண்ணு, ஒரிஜினலா இருக்கணும். சேட் கண்டிப்பா யார் வரைஞ்சதுன்னு விசாரிப்பார். அன்னிக்கு நான் உன் பேரைச் சொல்றேன். அப்புறம் நீ ஏக்தம் பர்மனென்ட்!" என்றார்.

தங்கவேலுவுக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை. பர்மனென்ட் என்றால் அவனுக்குச் சம்பளம், கேண்டீன் கூப்பன் எல்லாம் அப்புறம்தான். "இனிமே என் படத்துக்கு நானே கையெழுத்துப் போட்டுக்கலாமுங்ணா" என்றான். என்னைக் குத்திச் சொல்லவில்லை, சந்தோஷத்தில் சொன்னான். எனக்குத்தான் சுருக்கென்றது. அதைக் காட்டிக்கொள்ளாமல், "அவசரப்படாதேப்பா" என்று பெரிய மனுஷன் மாதிரி சொல்லி வைத்தேன்.

போட்டோவைப் பார்த்து அப்படியே போட்டிருந்தால் இரண்டு வாரத்தில் முடிந்திருக்கும். அவன் செய்யவில்லை. மழை பிடித்ததும் ஞாயிற்றுக்கிழமைகளில் கியர் சாமான் ஏற்றிப் போகிற லாரியில் தொற்றிக்கொண்டு கண்டாலாவுக்குப் போனான். வளைவில் இறங்கி நின்று, நனைந்து, அடுத்த லாரியில் திரும்பி வந்தான். மூன்று முறை. "என்னய்யா பாத்தே?" என்றால், "ஒண்ணும் தெரியலீங்ணா. அதத்தான் பாத்தேன். வண்டி வருது, போகுது, கண்ணுல நிக்கவே மாட்டேங்குது" என்பான். எனக்குப் பைத்தியம்தான் என்று பட்டது. அறையில் ஸ்டவ்வுக்கும் கயிற்றுக் கட்டிலுக்கும் நடுவே நாலடித் துணியைச் சாய்த்து வைத்திருந்தான். நான் தட்டை மடியில் வைத்துக்கொண்டு சுவரோடு ஒட்டி உட்கார்ந்து சாப்பிட்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சலூனுக்குப் போய்விட்டுத் திரும்புகிறேன், கதவைத் திறந்தால் துணியை என் பக்கமாகத் திருப்பி வைத்திருந்தான். "முடிஞ்சுதுங்ணா. மொத மொத உங்களுக்குத்தான் காட்டறேன்."

என்னத்தைச் சொல்வது! நான் வாசற்படியில் ஒதுங்கி நின்றுவிட்டேன், நிஜமாகவே வழிவிட்டு. மழை, மூட்டம், ஈரத் தார் ரோடு, வளைவில் ஒரு பக்கமாகச் சாய்ந்து வருகிற பச்சை. சக்கரங்கள் இருந்த இடத்தில் சக்கரம் இல்லை, சுழற்சி மட்டும் இருந்தது. ஓட்டுகிறவருக்கு முகம் இல்லை, பின்னால் இழுபடுகிற ஒரு கழுத்துத் துணியும் அதற்கு முன்னால் ஒரு சந்தோஷமும் இருந்தன. எப்படி ஒரு ஆளின் சந்தோஷத்தை மூக்கு வாய் இல்லாமல் வரைந்தான் என்று இன்றைக்கும் எனக்குப் புரியவில்லை. "நல்லாருக்கு தங்கவேலு. ரொம்ப நல்லாருக்கு" என்றேன். அவன் வெட்கப்பட்டு ஸ்டவ்வைப் பற்ற வைக்கப் போனான்.

பெயின்ட் காய்ந்ததும் ஆபீசுக்குத் தூக்கிப் போனோம். வைத்தியநாதன் பார்த்தார், தலையை ஆட்டினார். "சாங்க்லா ஆஹே. ப்ரொசீஜர்படி அனுப்பிடு" என்றார். நன்றாக இருக்கிறதாம், ஆகவே சரிபார்க்க வேண்டுமாம். எங்கள் ஆபீசில் யாருக்கும் இது வேடிக்கையாகப் படவில்லை, எனக்கும் படவில்லை என்பதுதான் விசேஷம். என் பலகை மேல் துணியைக் கிடத்தினார்கள். அதன் மேல் டிரேசிங் தாளை விரித்து ஒட்டினேன். கையில் சிவப்புப் பென்சில்.

நீங்கள் நினைக்கலாம், சும்மா விட்டிருக்கலாமே என்று. விட்டிருக்கலாம்தான். ஒரு தப்பும் இல்லை என்று எழுதி அனுப்பினால் குல்கர்ணி என்னைக் கூப்பிட்டு, "ரூம்மேட் என்பதால் பார்க்கவில்லையா?" என்று கேட்பார். குல்கர்ணி சரிபார்ப்பவர், காதில் ஒன்று, கையில் ஒன்று என்று இரண்டு சிவப்புப் பென்சில் வைத்திருக்கிறவர். சின்னதாக ஒன்று, யாருக்கும் வலிக்காத ஒன்று எழுதிவிடலாம் என்று தேடினேன். எழுதினேன்: 'சக்கரத்தில் ஸ்போக்ஸ் இல்லை. சேர்க்கவும்.'

தங்கவேலு பக்கத்தில்தான் நின்றான். "சுத்துற சக்கரத்துல கம்பி எப்படீங்ணா தெரியும்?" என்றான். "சும்மா ஒரு இதுக்குத்தாம்ப்பா. குல்கர்ணி இதைக் கோடு போட்டு அடிச்சிடுவார்" என்றேன். குல்கர்ணியா அடிப்பார்? என் சிவப்புக் கோட்டுக்குக் கீழே இன்னொரு கோடு போட்டு, ஒரு சக்கரத்துக்கு எழுபத்திரண்டு என்று எண்ணிக்கையும் எழுதினார். எங்கிருந்தோ ஒரு மோட்டார் புத்தகம் கொண்டுவந்து கண்டுபிடித்தாராம். அத்தோடு, கார் இடது பக்கம் சாய்ந்திருக்கிறது, ஸ்பிரிங் உடைந்த மாதிரி இருக்கிறது, நேராக்கவும்.

அப்புறம் சொல்ல வேண்டுமா? பெயின்ட் ஷாப் இன்சார்ஜ் கலர் அட்டையோடு வந்து, ஈரத்தில் பச்சை மாறித் தெரிகிறது, அட்டைப்படி போடவும் என்று எழுதினார். சேஃப்டி ஆபீசர், வழுக்குகிற ரோட்டில் இந்த வேகம் தொழிலாளர்களுக்குத் தவறான உதாரணம் என்றார். ரோட்டைக் காய வைக்கச் சொன்னார், பாவி. பர்சனல் ஆபீசர், முதலாளிக்கு மூக்கு இல்லாமல் எப்படி என்று பதறினார். நம்பர் பிளேட் படிக்கிற மாதிரி இருக்கவேண்டும் என்றும் சேர்த்துக்கொண்டார். வைத்தியநாதன் எல்லாவற்றையும் படித்துவிட்டுத் தங்கவேலுவைக் கூப்பிட்டார். அவன் முதல் முறையாக எதிர்த்துப் பேசினான்.

"இதெல்லாம் போட்டா வண்டி நின்னுருமுங்க சார்."

"அரே, நிக்கட்டுமே! நின்னாத்தானே நன்னா பாக்க முடியும்? டிராயிங்னா டிராயிங்தான். உனக்குப் பர்மனென்ட் வேணுமா, வேண்டாமா?"

வேண்டும். அதனால் மூன்று வாரம் அரை பிளேடை வைத்துச் சுரண்டினான். டிராயிங் ஆபீசில் தப்பாக விழுந்த மையை நாங்கள் சுரண்டுவது அப்படித்தான். மழையைச் சுரண்டினான், மூட்டத்தைச் சுரண்டினான். தரையில் பச்சைப் பொடியாகக் கிடந்ததைக் காலையில் நான் பெருக்கினேன். சுரண்டின இடத்தில் வெயில் அடித்தது. காம்பஸ் வைத்துச் சக்கரம் போட்டு, ஒவ்வொரு கம்பியாக நாலு சக்கரத்துக்கும் போட்டான். மூக்கும் போட்டான், சேட்டின் இப்போதைய மூக்கு. அந்த மூன்று வாரத்தில் நான் இரண்டு தடவை, "சரியாத்தான் வருது" என்றேன். என் வாயில் வேறு என்ன வரும்!

கடைசியில் வலது மூலையில் கட்டம் போடச் சொன்னார்கள், வரைபடத்துக்குப் போடுவதுபோலவே. வரைந்தவர், சரிபார்த்தவர், வண்ணம், பாதுகாப்பு, பர்சனல், ஒப்புதல். ஐந்து பேர் கையெழுத்துப் போட்டார்கள். 'வரைந்தவர்' மட்டும் காலியாக இருந்தது. தங்கவேலு மெல்லிய பிரஷ் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். வைத்தியநாதன் என்னைப் பார்த்தார். "கான்ட்ராக்ட் போடக் கூடாது, தெரியுமில்லே? நீ போட்டுடு. விழாவில நான் வாயால சொல்லிடறேன் அவன் பேரை."

போட்டேன். தங்கவேலு கையிலிருந்து பிரஷை வாங்கித்தான் போட்டேன். அவன் நீட்டினான், நான் வாங்கினேன்.

விழா கேண்டீனில் நடந்தது. பர்மனென்ட் ஆட்களுக்கு நாற்காலி, கான்ட்ராக்ட் ஆட்கள் கதவோரம் நின்றார்கள். மாலை, பேச்சு, சமோசா. படத்தை மூடியிருந்த திரையை விலக்கினார்கள். கைதட்டல் கூரையைப் பிளந்தது. பெரிய சேட் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு கிட்டே போனார், வெகுநேரம் பார்த்தார். திரும்பி, யாரையும் குறிப்பிட்டுக் கேட்காமல், "யே காடி கடீ க்யோன் ஹை?" என்றார். இந்த வண்டி ஏன் நிற்கிறது?

வைத்தியநாதன் முன்னால் ஓடி, "சார், எழுபத்திரண்டு ஸ்போக்ஸ், ஒண்ணுகூடக் குறையல" என்று ஆங்கிலத்தில் பெருமையாகச் சொன்னார். சேட் சிரித்தார், மரியாதைக்குச் சிரிக்கிற சிரிப்பு. குனிந்து மூலையில் இருந்த கட்டத்தைப் படித்தார், என் பெயரை வாய்விட்டுப் படித்தார், யார் என்று தேடினார். வைத்தியநாதன் வாயைத் திறந்தார். சேட்டின் முகத்தைப் பார்த்தார். இந்தப் பரிசு பிடிக்கவில்லை என்று தெரிந்த பிறகு எதற்கு இன்னொரு பெயரைச் சொல்லி வம்பை வளர்ப்பது என்று அந்த மனுஷன் கணக்குப் போட்டது எனக்கு நன்றாகத் தெரிந்தது. என்னை முன்னால் தள்ளினார். சேட் என் கையைக் குலுக்கி, "நீ நுணுக்கமான ஆள்" என்றார்.

'சார், வரைந்தது நான் இல்லை, அதோ கதவுக்குப் பக்கத்தில் நிற்கிறான்.' இவ்வளவுதான் சொல்ல வேண்டியது. ஆங்கிலத்தில் சொல்லக்கூட எனக்குத் தெரியும். "தேங்க்யூ சார்" என்றேன். என்னை நானே இத்தனை வருஷம் கழித்துக் கன்னத்தில் அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது, என்ன பிரயோஜனம்?

சாயங்காலம் அறையில் தங்கவேலு ரவை உப்புமா கிண்டினான். எனக்கும் ஒரு தட்டில் வைத்தான். சாப்பிட்டு முடித்துக் கை கழுவும்போது, "கையெழுத்து நல்லாருந்துச்சுங்ணா. அழகா, படிக்கற மாதிரி" என்றான். அவ்வளவுதான். தீபாவளிக்கு முன்னால் கான்ட்ராக்ட் முடிந்தது, புதுப்பிக்கவில்லை. பெட்டியைக் கட்டிக்கொண்டு போசரியில் ஏதோ பட்டறைக்கு வேலைக்குப் போய்விட்டான். நான் அடுத்த வருஷம் புரமோஷன் வாங்கினேன், நுணுக்கமான ஆள் இல்லையா!

இப்போது அந்தக் கம்பெனி இருந்த இடத்தில் நாலு டவர் நிற்கிறது, இத்தாலிப் பெயர் வைத்திருக்கிறார்கள். டிராயிங் ஆபீஸ் இருந்த இடத்தில் நீச்சல் குளம். பெரிய சேட் போய்ச் சேர்ந்தார், பங்களாவை இடித்தார்கள், படம் பழைய சாமானோடு எங்கே போயிற்று என்று கேட்பாரில்லை. குல்கர்ணியும் வைத்தியநாதனும் இல்லை.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஆளந்தி ரோடில் ஒரு கல்யாணத்தில் தங்கவேலுவைப் பார்த்தேன். தலை முழுக்க வெள்ளை. சொந்தமாகப் பட்டறை வைத்துக் கம்பி வலை செய்கிறான், பிள்ளைகள் நன்றாக இருக்கிறார்கள். "வாங்ணா, வாங்ணா" என்று கையைப் பிடித்துக்கொண்டான். பந்தியில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தோம். என் வாய் சும்மா இருக்குமா?

"தங்கவேலு, நீ அந்த மழையில வரைஞ்சியே, கண்டாலாக் காரு. அத நான்..."

"நானுங்களா?" என்றான். கொஞ்சம் யோசித்தான். "பச்சக் காரு ஒண்ணு இருந்துச்சுங்க. வெயில்ல நிக்கும். அது நீங்க வரைஞ்சதாச்சுங்களே?"

கேலி செய்கிறான் என்று நினைத்து முகத்தைப் பார்த்தேன். கேலி இல்லை. பரிமாறுகிறவரைக் கூப்பிட்டு எனக்கு இன்னொரு கரண்டி ரசம் ஊற்றச் சொன்னான். லாரியில் போனது, நனைந்தது, முகமில்லாத அந்தச் சந்தோஷம், எதுவும் அவனிடம் இல்லை. முதலில் பார்த்த வைத்தியநாதன் இல்லை, மற்றவர்கள் பார்த்ததெல்லாம் என் சிவப்புக் கோட்டுக்கு அடியில்தான். அந்தக் கார் ஓடியதைப் பார்த்தவன் என்று உலகத்தில் மிச்சம் இருப்பது நான் ஒருத்தன். எனக்கோ படம் வரையத் தெரியாது.